என்ஜின் நின்றது, கீழே காடு: கொலம்பியாவின் எச்கே-2803 விபத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 மே 1 காலை, கொலம்பியாவின் அமேசான் காட்டுக்குள் ஒற்றை என்ஜின் செஸ்னா 206 விமானம் ஒன்று விழுந்தது. அதன் பதிவெண் எச்கே-2803. ஏழு பேர் இருந்தார்கள். விமானி, குழந்தைகளின் தாய் உட்படப் பெரியவர்கள் மூவரும் இறந்துபோனார்கள். ஊய்டோடோ பழங்குடியைச் சேர்ந்த 13, 9, 4 வயதுக் குழந்தைகள் மூவரும் 11 மாதக் கைக்குழந்தையும் 40 நாள் கழித்து, ஜூன் 9 அன்று உயிருடன் கிடைத்தார்கள். உலகமே 'அதிசயம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டது. அதிசயம் என்று சொல்லி முடித்துவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் விட்டுப்போகும். இந்த விபத்தைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம்.

குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏன் அவ்வளவு சின்ன விமானத்தில் போனார்கள்?

வேறு வழி இல்லை. புறப்பட்ட இடம் அரராகுவாரா. ககேட்டா ஆற்றங்கரைக் கிராமம், ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுபோய் வைத்த இடம். தப்பித்தாலும் போக்கிடம் இல்லாத ஊர் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சாலை கிடையாது. ஆற்றிலும் பாறைப் பள்ளத்தாக்கும் சுழலும் படகை மறிக்கும். போக வேண்டிய சான் ஹோசே தெல் குவாவியாரே சுமார் 350 கி.மீ. தள்ளி. அங்கிருந்துதான் நாட்டின் சாலைகள் தொடங்குகின்றன. நம் ஊர் மினி பஸ் செய்யும் வேலையை அங்கே செஸ்னா செய்கிறது.

ஆறு இருக்கை விமானத்தில் ஏழு பேர் எப்படி?

கைக்குழந்தை மடியில். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் அனுமதி உண்டு. ஆனால் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மோதலில் 9 ஜி விசை, அதாவது புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு, வந்தால் 9 கிலோ குழந்தை கைக்கு 81 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது.

என்ஜின் ஏன் நின்றது?

கொலம்பிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் முதற்கட்ட அறிக்கை சொல்வது இது: பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் சக்தி இறங்கியது. விமானி 'மேடே' என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, என்ஜின் ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்டத்துக்கு) வந்துவிட்டது, வயல் ஏதாவது தேடுகிறேன் என்றார். பிறகு என்ஜின் மீண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி விழுந்தது. இந்த முறை ஆறு தேடுவதாகச் சொன்னார். காலை ஏழரை மணி வாக்கில் ராடாரில் இருந்து மறைந்தது. இதே விமானம் 2021-இலும் ஒரு விபத்தில் சிக்கி, பழுது பார்க்கப்பட்டுத் திரும்பப் பறக்க வந்தது என்பதும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

பொதுவாக இந்த வகை என்ஜின் எதனால் நிற்கும் என்று பார்க்கலாம். இந்த 206-களில் இருப்பது கான்டினென்டல் ஐஓ-520 வகை, ஆறு சிலிண்டர், 300 குதிரைத்திறன். கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவி) இல்லை, எரிபொருள் நேராக இன்ஜெக்ட் ஆகிறது. அதனால் கார்புரேட்டரில் பனி பிடித்து நிற்பது என்ற பேச்சுக்கு இடமில்லை. விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் கீழே ஒருவராவது 'கார்ப் ஐஸ்' என்று கருத்துப் போட்டிருப்பார். இந்த ரகத்துக்கு அது பொருந்தாது.

முதல் சந்தேகம் எப்போதும் எரிபொருள் மேல்தான். பல பழைய 206-களில் டேங்க் செலக்டருக்கு இடது, வலது, அடைப்பு என்ற மூன்று நிலைதான். இரண்டு டேங்கும் சேர்ந்து வரும் நிலை கிடையாது. ஒரு டேங்க் காலியாகும்போது இன்னொன்றில் நிறைய இருந்தாலும் என்ஜின் பட்டினி கிடக்கும். வெயில் ஊர்களில் இன்னொரு தொல்லை, லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி விடுவது. ஃபியூயல் ஃப்ளோ முள் நடுங்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. துணைப் பம்பைப் போட்டு, டேங்க்கை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது தண்ணீர். காட்டு ஓடுதளங்களில் பங்க் கிடையாது, 200 லிட்டர் டிரம்தான். இரவுக் குளிரில் டிரம்முக்குள் ஈரம் வியர்த்து அடியில் சேரும். நிமிர்த்தி வைத்த டிரம்மின் மூடிமேல் மழைநீர் தேங்கி, மூடித் திருகு வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே டிரம்மைச் சற்றுச் சாய்த்து வைத்து, சில மணி நேரம் அசைக்காமல் விட்டு, மேலிருந்து உறிஞ்சி, அடியில் ஓரிரு அங்குலத்தை விட்டுவிட வேண்டும். வடிகட்டிப் புனல் இல்லாமல் ஊற்றவே கூடாது. ஊற்றிய பிறகு டேங்க்கின் அடி வால்வுகளில் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல 100எல்எல் (இந்த என்ஜின்களுக்கான விமானப் பெட்ரோல்) வெளிர் நீலமாக இருக்கும். கண்ணாடிக் குவளையின் அடியில் நிறமற்ற குமிழி உருண்டால் அது தண்ணீர். குவளை முழுக்கவே நிறமில்லாமல் இருந்தால் இன்னும் கவனம் தேவை: நீலம் எங்கே என்று கேளுங்கள், முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம், ஜெட் எரிபொருளாகவும் இருக்கலாம்.

அதற்கு அடுத்துத்தான் இரும்பு: வால்வு, சிலிண்டர் வெடிப்பு, மேக்னெட்டோ (தீப்பொறி தரும் கருவி), கனெக்டிங் ராடு. ஐஓ-520-க்கு ஓவர்ஹாலுக்கு இடையே 1,700 மணி நேரம் என்று உற்பத்தியாளர் சொல்வதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். 12 ஆண்டு என்ற இன்னொரு வரம்பை மறந்துவிடுவார்கள். ஈரமான ஊரில் வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் என்ஜினுக்குள் கேம் ஷாஃப்ட் துருப்பிடிக்கும். ஓடியதால் தேய்வதைவிட ஓடாமல் நின்று கெடுவது கண்ணில் படாது. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து, வெளிச்சத்தில் இரும்புத்தூள் மினுங்குகிறதா என்று பார்ப்பதுதான் இதற்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை.

என்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழுமா?

விழாது, சறுக்கும். முழு எடையில் (3,600 பவுண்டு, அதாவது 1,633 கிலோ) 206-ஐ 75 நாட், மணிக்கு சுமார் 140 கி.மீ. வேகத்தில் வைத்தால் அதிக தூரம் மிதக்கும். தரைக்கு மேல் 5,000 அடியில் நின்றால் தோராயமாக ஆறு நிமிடமும் 13 கி.மீ. தூரமும் கையில் இருக்கும். காற்று எதிரே அடித்தால் இன்னும் குறையும். வயல்வெளி மேல் இது தாராளம். அமேசான் மேல் 13 கி.மீ. சுற்றளவிலும் பச்சைதான்.

அந்த ஆறு நிமிடத்தில் விமானி என்ன செய்வார்?

முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடிப்பார். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். பிறகு இறங்க இடம் தேர்ந்து அந்தப் பக்கம் திரும்புவார். அதற்குப் பிறகே என்ஜினை எழுப்பும் வேலை: நிறைய இருக்கும் டேங்க்குக்கு மாற்று, மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைக் கட்டுப்பாடு) முழுக்க உள்ளே, த்ராட்டில் பாதி, துணைப் பம்ப் சில நொடி, இக்னிஷன் இரண்டு மேக்னெட்டோவிலும் இருக்கிறதா பார். எழவில்லை, ஆனால் ஆயில் அழுத்தம் இருக்கிறது என்றால் புரொப்பல்லர் கட்டுப்பாட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் புரொப்பல்லர் அலகுகள் காற்றை மறிப்பது குறையும். சறுக்கல் கணிசமாக நீளும்.

இடையில் ரேடியோ. இடம், ஆள் எண்ணிக்கை, என்ன செய்யப்போகிறேன் என்ற மூன்றும் போதும். எச்கே-2803 விமானி இதைச் சரியாகச் செய்தார். தேடுதல் எங்கே தொடங்க வேண்டும் என்பது அதனால்தான் தெரிந்தது.

தரை நெருங்கும்போது எரிபொருள் அடைப்பு, மிக்ஸ்சர் வெளியே, இக்னிஷன் ஆஃப். மொத்த மின்சாரத்துக்குமான மாஸ்டர் ஸ்விட்ச் மட்டும் கடைசியில். ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்கும் தகடு) மின்சாரத்தில் இறங்குவது. மாஸ்டரை முன்கூட்டி அணைத்தால் ஃபிளாப் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

என்ஜின் ஒருமுறை மீண்டதே, அப்போதே தப்பித்திருக்கலாம் அல்லவா?

பாதி சக்தி போவது முழுக்க நிற்பதைவிடக் கெட்டது என்பது எங்கள் கருத்து. முழுக்க நின்றால் விமானிக்கு முடிவு எளிது, இறங்கியாக வேண்டும். இருமி இருமி ஓடும் என்ஜின் ஆசை காட்டும். 'இன்னும் கொஞ்சம்' என்று நினைத்துக்கொண்டே உயரத்தை இழப்பார்கள். புறப்பாட்டுக்குப் பின் பகுதி சக்தி இழப்பு, முழு இழப்பைவிட மூன்று மடங்கு நிகழ வாய்ப்பு அதிகம் என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியிருக்கிறது. பயிற்சியிலோ முழு நிறுத்தம்தான் பெரும்பாலும் சொல்லித் தரப்படுகிறது. மீண்ட என்ஜினை நம்பாமல், அது ஓடும்வரை கிடைக்கும் உயரத்தை இறங்கும் இடத்தை நோக்கிச் செலவழிப்பதுதான் பாடம். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இறங்க இடமே இல்லாத நிலத்தில் அந்தப் பாடத்தையும் முழுதாகப் பின்பற்ற முடியாது என்பதை விமானியைக் குறைசொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆற்றில் இறக்குவதா, மரத்தின் மேல் இறக்குவதா?

ஆறு மேலிருந்து பார்க்க ஓடுதளம் மாதிரி இருக்கும். 206-இன் இறக்கை அகலம் 11 மீட்டர். சிறு ஆறுகளில் இரு கரை மரங்களும் நடுவில் கைகோத்திருக்கும், வளைவுக்கு வளைவு நேர்த்தூரம் சிலநூறு மீட்டர்தான். சக்கரம் மடங்காத விமானம் என்பதால் தண்ணீரைத் தொட்டதும் மூக்குக் குத்திக் குப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். கவிழ்ந்த பிறகு கதவு என்ற பிரச்சினை வரும். அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது. ஆனாலும் அகலமான ஆறும் மணல்திட்டும் எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவே மேல். காரணம் இறங்குவது மட்டுமல்ல, ஆற்றங்கரையில் வானம் திறந்திருக்கும். தேடி வருபவர் கண்ணில் படலாம்.

மரத்தின் மேல் 'சரியாக' இறக்குவது என்று ஒன்று உண்டா?

உண்டு, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. காற்றை எதிர்த்து, முழு ஃபிளாப்புடன், ஸ்டால் ஆகாத (இறக்கை தூக்குவிசையை இழக்காத) அளவுக்கு மிகக் குறைந்த வேகத்தில், மூக்கைச் சற்று உயர்த்தி, வயிறும் இரு இறக்கையும் ஒரே நேரத்தில் இலைக்கூட்டத்தில் பதியும்படி விமானத்தைக் கிளைகளில் 'தொங்க' விட வேண்டும். உடற்பகுதி தடித்த மரத்தண்டில் நேராகப் போய் மோதக்கூடாது. மோதித்தான் ஆக வேண்டும் என்றால் இரு இறக்கையும் சேர்ந்து அடி வாங்கட்டும். ஒன்று மட்டும் பட்டால் விமானம் சுழன்றுவிடும்.

வேகம்தான் இங்கே எல்லாம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் மோதி, சீராக 9 ஜி விசையில் நிற்க மூன்று மீட்டர் போதும். 160 என்றால் சுமார் பதினொரு மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு.

இனி அமேசானின் சிக்கல். குட்டையாக, நெருக்கமாக, குடைபோல் விரிந்த மரங்கள் என்றால் மேற்சொன்னது பலிக்கும். அந்தக் காட்டின் மரங்களோ 40 மீட்டர் வரை வளர்பவை. உச்சியில் விமானம் வேகத்தை இழந்து நின்றாலும் அங்கிருந்து தரைவரை விழ வேண்டும். 40 மீட்டர் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 100 கி.மீ. எச்கே-2803-க்கு நடந்தது ஏறக்குறைய இதுதான்: முதலில் மரங்களில் பட்டதில் என்ஜின் புரொப்பல்லரோடு பிய்ந்துபோனது, மிச்சம் நேர்கீழாக விழுந்து, மூக்கு மண்ணில் புதைந்து வால் வானத்தைப் பார்த்தபடி நின்றது. அப்படித்தான் தேடியவர்கள் கண்டார்கள்.

குழந்தைகள் பிழைத்ததற்குப் பின் இருக்கை காரணமா?

இந்த விபத்தில் ஆம். மூக்குக் குத்தி விழுந்ததால் முன்பகுதிதான் நசுங்கியது, பெரியவர்கள் அங்கே இருந்தார்கள். பின்பகுதியில் உட்காரும் இடம் பெரிதாகச் சிதையவில்லை. ஆனால் 'பின் இருக்கைதான் பாதுகாப்பு' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அடுத்த விமானம் கவிழ்ந்தோ தீப்பிடித்தோ போனால் கணக்கு மாறும். எந்த இருக்கையாக இருந்தாலும் தோள்பட்டை பெல்ட் இருக்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது. இடுப்புப் பெல்ட் மட்டும் என்றால் மேலுடம்பு முன்னால் மடங்கித் தலை அடிபடும்.

206-இன் கதவில் என்ன பிரச்சினை?

பயணிகளுக்கு யாரும் சொல்லாத ஒன்று. யூ206 ரகத்தில் முன்னால் இடப்பக்கம் விமானிக்கு ஒரு கதவு. மற்ற எல்லோருக்கும் வலப்பக்கம் பின்னால் இரட்டைச் சரக்குக் கதவு. ஃபிளாப்பை 10 பாகைக்கு மேல் இறக்கினால், இரட்டைக் கதவில் முன் கதவு திறக்கும்போது ஃபிளாப்பில் போய் முட்டும். சில அங்குலம்தான் திறக்கும். அந்த இடுக்கில் கைவிட்டு, பின் கதவின் முன் ஓரத்தில் இருக்கும் நெம்புகோலைத் திருப்பித் தள்ளினால் பின் கதவு திறக்கும். வெயிலில் தரையில் நின்று செய்தாலே ஒருமுறை தடுமாறுவார்கள். தண்ணீருக்குள் தலைகீழாக, இருட்டில் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது, மிதவை பொருத்திய 206-கள் கவிழ்ந்து ஆட்கள் உள்ளேயே மூழ்கியிருக்கிறார்கள்.

இன்னொரு நுணுக்கம்: முன் சரக்குக் கதவு திறந்திருந்தால் ஃபிளாப் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. எனவே இறங்குமுன் ஃபிளாப்பை முடித்துவிட்டு அப்புறம்தான் சரக்குக் கதவைத் தொட வேண்டும். விமானியின் கதவைச் சற்றே திறந்து இடையில் செருப்போ துணியோ செருகிவைப்பது நல்லது. மோதலில் சட்டம் நெளிந்தாலும் கதவு மாட்டிக்கொள்ளாது.

அவசரக் குறிகாட்டி ஒலித்தும் கண்டுபிடிக்க ஏன் இரண்டு வாரம்?

இ.எல்.டி. எனப்படும் அந்தக் கருவி வேலை செய்தது; செயற்கைக்கோள் வழியே சைகை வந்தது. ஆனால் சைகை சொல்வது 'இந்த வட்டாரம்' என்று மட்டும்தான். இன்றைய கருவிகள் 406 மெகா ஹெர்ட்ஸில், சுமார் 50 நொடிக்கு ஒருமுறை, 5 வாட் துடிப்பை அனுப்பும். ஜிபிஎஸ் இணைந்திருந்தால் நூறு மீட்டர் அளவுக்கு இடம் தெரியும். இணையாவிட்டால் செயற்கைக்கோள் நகர்வை வைத்துக் கணக்கிட வேண்டும், அதில் சில கி.மீ. பிசகும். நெருங்கி வந்தபின் வழிகாட்ட 121.5 மெகா ஹெர்ட்ஸில் ஒரு சிறு ஒலிபரப்பு உண்டு. பேட்டரி 24 மணி நேரம் தாங்கினால் போதும் என்பதே விதி. அதற்குள் ஆள் வராவிட்டால் பெட்டி ஊமை.

அதன்பின் கண்தான். மேலிருந்து பார்த்தால் இலைக்கூரை மூடிக்கொண்டது. நேர்கீழாக விழுந்த விமானம் போட்ட ஓட்டை சிறியது. நீளமாகச் சறுக்கி இறங்கியிருந்தால் மரங்களில் ஒரு தடம் வெட்டுப்பட்டிருக்கும், அதை வானிலிருந்து பார்த்திருப்பார்கள். கடைசியில் மே நடுவில் தரைவழியாக நடந்து போனவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

இ.எல்.டி. பெரும்பாலும் எங்கே சொதப்பும்?

பெட்டியில் அல்ல, ஆன்டெனா கேபிளில். மோதலில் பெட்டி பத்திரமாக இருக்கும், கேபிள் அறுந்திருக்கும் அல்லது விமானம் கவிழ்ந்து ஆன்டெனா மண்ணுக்குள் போயிருக்கும். கழற்றி எடுக்கக்கூடிய ரகமாக இருந்தால் அதனுடன் இருக்கும் கைஆன்டெனாவை மாட்டி, வானம் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். பழைய 121.5 மட்டும் உள்ள பெட்டிகளைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதே இல்லை. அவை இன்னும் சில விமானங்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. சோதனை செய்வதானால் மணியின் முதல் ஐந்து நிமிடத்துக்குள், மிகக் குறுகிய நேரம் மட்டும்.

விழுந்த இடத்திலேயே இருக்க வேண்டுமா, நடக்க வேண்டுமா?

பொது விதி: இருங்கள். விமானம் ஆளைவிடப் பெரியது, உலோகம், அதில்தான் இ.எல்.டி. இருக்கிறது, மழைக்கு ஒதுங்கவும் ஆகும். குழந்தைகளும் முதல் சில நாள் அங்கேதான் இருந்தார்கள். தாய் நான்கு நாள் உயிருடன் இருந்ததாக மூத்த குழந்தை சொன்னதைத் தந்தை செய்தியாளர்களிடம் சொன்னார்.

விதி எங்கே உடைகிறது என்றால், மேலிருந்து விமானம் தெரியாத காட்டில். 2021 ஜனவரி 28 அன்று பிரேசிலின் பாரா மாநிலத்தில் செஸ்னா 210 என்ஜின் நின்று இறங்கிய விமானி ஒருவர் சில நாள் அங்கேயே காத்திருந்தார். தேடும் விமானங்கள் மேலே போயின, அவரைப் பார்க்கவில்லை. சத்தம் நின்ற பிறகு, காலைச் சூரியன் இருக்கும் திசையை நோக்கி நடந்தார். 36-ஆம் நாள் பிரேசில் கொட்டை பொறுக்க வந்தவர்களிடம் போய்ச் சேர்ந்தார். நடப்பதென்றால் இப்படித்தான்: ஒரே திசை, காலையில் மட்டும், பிற்பகலுக்குள் தங்க இடம் தயார், போன பக்கம் காட்டும் அடையாளம் விமானத்திலேயே. கொலம்பியக் குழந்தைகள் கிடைத்த இடம் விபத்து இடத்திலிருந்து சுமார் 5 கி.மீ.தான். 40 நாளில் அவ்வளவே. வட்டமாகவும் கோணலாகவும் அலைந்திருக்கிறார்கள்.

40 நாள் என்ன சாப்பிட்டார்கள்?

தொடக்கத்தில் விமானத்தில் இருந்த ஃபாரிஞா, சுமார் மூன்று கிலோ. இது நமக்கு அந்நியமல்ல, மரவள்ளிக் கிழங்குதான். அமேசானில் பயிராவது பெரும்பாலும் கசப்பு ரகம், அப்படியே தின்றால் சயனைடு. துருவி, ஊறவைத்து, பின்னிய நீளக்குழல் போன்ற பிழிகருவியில் சாற்றை வடித்து, பெரிய தட்டில் கிளறி வறுத்தால் கரகரவென்று ரவைபோல உதிரும். மாதக்கணக்கில் கெடாது, அடுப்பு வேண்டாம், தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும். காட்டில் தொலைந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான உணவைத் திட்டமிட்டுக்கூடக் கட்டிக்கொடுக்க முடியாது.

அது தீர்ந்ததும் பனை வகைப் பழங்களும் விதைகளும். எது உண்ணத்தக்கது என்று மூத்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது; அந்தச் சமூகத்தில் குழந்தைகள் பாட்டியோடு காட்டுக்குப் போய்ப் பழகியவர்கள். ராணுவம் வானிலிருந்து போட்ட நூறு உணவுப் பைகளில் ஒன்றும் அவர்களுக்குக் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு 'குரங்கு தின்றால் நாமும் தின்னலாம்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். குரங்குக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் மனிதனுக்கு ஒத்துக்கொள்ளாது. தெரியாத பழத்தைவிடப் பட்டினி நல்லது. ஆரோக்கியமான பெரியவர் வாரக்கணக்கில் தாங்குவார். தண்ணீர் இல்லாமல்தான் தாங்க முடியாது.

நூற்றுக்கணக்கானவர் தேடியும் ஏன் கைக்கு அகப்படவில்லை?

தேடியவர்கள் சில தடவை குழந்தைகளுக்கு 20 முதல் 50 மீட்டர் தூரத்தில் கடந்து போயிருக்கலாம் என்று தேடலுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெத்ரோ சான்சேஸ் சொன்னார். அந்தக் காட்டில் பார்வை எட்டுவது இருபது மீட்டர். நாளின் பெரும்பகுதி மழை கொட்டும்; மழைச் சத்தத்தில் குரல் கேட்காது, காலடித் தடம் கரைந்துபோகும். குழந்தைகள் பயந்து ஒளிந்தும் இருக்கலாம். கடித்து எறிந்த பழம், பால் புட்டி, டயாப்பர், கத்தரிக்கோல், கிளைகளால் வேய்ந்த ஒதுங்கிடம் என்று தடயங்கள் மட்டும் கிடைத்துக்கொண்டே இருந்தன.

ஒலிபெருக்கியில் பாட்டியின் குரலை அவர்கள் மொழியிலேயே போட்டார்கள்: நகராமல் இருங்கள் என்று. ஸ்பானியத்திலும் ஊய்டோடோவிலும் 10,000 துண்டுச்சீட்டுகளைத் தூவினார்கள். கருவியும் ஹெலிகாப்டரும் ராணுவத்துடையவை, காட்டைப் படிக்கும் கண் பழங்குடித் தொண்டர்களுடையது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. மொத்தம் 2,600 கி.மீ.க்கு மேல் நடந்திருக்கிறார்கள். கடைசியில் கண்டதும் பழங்குடித் தொண்டர்கள்தான். ரேடியோவில் 'மிலாக்ரோ' (ஸ்பானியத்தில் அதிசயம்) என்ற சொல் நான்கு முறை வந்தது, ஒரு குழந்தைக்கு ஒன்று என்ற குறிச்சொல். ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை. மரங்களுக்கு மேலே நின்று கயிற்றில் இழுத்து ஏற்றினார்கள்.

மே மாதமே கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததே?

மே 17 அன்று அதிபர் குஸ்தாவோ பெத்ரோ ட்விட்டரில் அப்படி அறிவித்து, மறுநாள் நீக்கினார். உறுதிசெய்யாத தகவல்.

வில்சன் என்ற நாய்?

பெல்ஜியன் மாலினுவா. தேடலில் முக்கியத் தடயம் கண்டுபிடித்த ராணுவ நாய். காட்டுக்குள் தொலைந்துபோனது. குழந்தைகள் அதைச் சில நாள் தங்களோடு பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் மீட்கப்பட்ட பிறகும் வீரர்கள் திரும்பிப் போய் வாரக்கணக்கில் தேடினார்கள், கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட நிலத்தின் மேல் பறப்பவர் எதை எடுத்துப்போக வேண்டும்?

விமானத்தின் பின்னால் அடுக்கிய மூட்டையில் இருப்பது கணக்கில் சேராது. தீப்பிடித்தாலோ மூழ்கினாலோ உடம்போடு இருப்பது மட்டும்தான் உங்களுடையது. பையுள்ள மேல்சட்டை ஒன்றில் இவை அடங்கும்: தனிநபர் 406 குறிகாட்டி அல்லது செயற்கைக்கோள் செய்திக் கருவி, விசில், கத்தி, லைட்டர் இரண்டு (ஒன்று பிளாஸ்டிக் உறையில்), தண்ணீர்ச் சுத்திகரிப்பு மாத்திரை, ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுப்பட்டை, தலைவிளக்கு. கொசுவலையும் மெல்லிய தார்ப்பாயும் கையில் எட்டும் பையில். அந்தக் காட்டில் இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது புலியல்ல, பூச்சி. குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தபோதும் ஊட்டக்குறைவு, நீரிழப்போடு உடம்பெங்கும் பூச்சிக்கடிதான்.

சமிக்ஞைக் கண்ணாடியும் புகைக்குழலும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். இலைக்கூரைக்குக் கீழே இரண்டும் பெரிதாகப் பயன்படாது: வெயில் இறங்காது, புகை இலைகளுக்குள்ளேயே பரவிச் சிதறிவிடும். ஆற்றோரம் போய்ச் சேர்ந்தால் வேலைக்காகும். அங்கே மணலில் 'வி' வடிவம் (உதவி தேவை) அல்லது 'எக்ஸ்' வடிவம் (மருத்துவ உதவி தேவை) குறைந்தது 2.5 மீட்டர் நீளத்துக்குப் போடுங்கள். மணல் நிறத்தில் இருந்து தனித்துத் தெரியும் பொருளால். விசில் மூன்று மூன்றாக.

பயணியாக ஏறுகிறேன். விமானியிடம் என்ன கேட்கலாம்?

இ.எல்.டி. 406-ஆ, அதைக் கையால் இயக்கும் ஸ்விட்ச் எங்கே என்று கேளுங்கள். எரிபொருள் எங்கே ஊற்றியது, வடித்துப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்; நல்ல விமானி கோபித்துக்கொள்ள மாட்டார், குவளையை எடுத்துக் காட்டுவார். பின்வரிசையில் உட்காருகிறீர்கள் என்றால் தரையில் இருக்கும்போதே ஃபிளாப்பை முழுக்க இறக்கச் சொல்லி, அந்தச் சரக்குக் கதவை நீங்களே உள்ளிருந்து ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.